பாதித் தலை

கெம்னிட்ஸில் ஒரு தலைக்கு இருபத்தாறு யூரோ.
கழுவாமல், வெட்ட மட்டும்.
மனசுக்குள் நூறால் பெருக்குவதை நிறுத்து என்று
சீனியர் சொன்னார், வந்த முதல் வாரமே.
நிறுத்திவிட்டேன்.
இப்போது அரிசியால் வகுக்கிறேன்.
பத்துக் கிலோ மூட்டை ஒன்று,
மிச்சத்துக்குத் தயிர்.

அதனால் பன்னிரண்டு யூரோவுக்கு ஒரு மெஷின்,
யாரோ வேண்டாமென்று விற்றது.
டிராமில் போய் வாங்கி வந்தேன்.
பெட்டி இல்லை, எண்ணெய்ப் புட்டி இல்லை.
ஆறு சீப்பில் நான்குதான் இருந்தன.

சனிக்கிழமை மத்தியானம்.
குளியலறைத் தரையில் சூப்பர்மார்க்கெட் தள்ளுபடித் தாளை விரித்தேன்.
கோழித் தொடை மேலும் உருளைக்கிழங்கு மேலும்
முடி விழ ஆரம்பித்தது.
கண்ணாடியில் இடம் வலம் மாறும் என்று
பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
கையில் மெஷின் இருக்கும்போது அது வேறு பாடம்.
ஆனாலும் வலது காதைச் சுற்றி வளைவு அழகாகவே வந்தது.
விசில்கூட அடித்தேன்.

உச்சியைத் தாண்டும்போது
அதன் குரல் கம்மியது.
ஒரு கொத்து முடியைக் கவ்விக்கொண்டே
நின்றுபோனது.

முழுதாக ஏற எட்டு மணி நேரம்,
ஏறும்போது ஓட்டக் கூடாது
என்றது அதன் அடியில் பொடி எழுத்து.
என்னிடம் இருந்த ஒரே கத்தரிக்கோல்
மசாலா பாக்கெட் வெட்டுவது.
மணி இரண்டேகால்.
ஒரு பக்கம் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியவன்,
மறுபக்கம் அதில் தோற்று வந்தவன்.

அழைப்பு மணி.
மேல்மாடி ஃப்ராவ் கிரெட்ச்மர்.
அவர் பார்சல் என்னிடம் இருந்தது.
பார்த்தார்.
தெருவைக் கடக்கிறவர் போல
இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை.
பார்சலை வாங்கிக்கொண்டு
நல்ல வார இறுதி அமையட்டும் என்றார்.
கதவை மூடிய பிறகு படிக்கட்டில் ஒரு சிரிப்பு,
இரண்டு படி நீளத்துக்கு.

நாலரைக்கு வளர்மதி கூப்பிட்டாள்.
விருதுநகரில் மணி எட்டு.
வெட்டிய பக்கத்தை மட்டும் ஃபோனுக்குக் காட்டி உட்கார்ந்தேன்.
ஏண்ணே சைடாவே இருக்க?
கழுத்துல சுளுக்கு.
முடி வெட்டினியா? எவ்வளவு?
பன்னிரண்டு, என்றேன். பொய் இல்லை.
பரவாயில்லையே, சீப்பா இருக்கு.
செமஸ்டர் பணம் வந்துருச்சா?
வந்துருச்சு. எப்படிப் புரட்டினீங்க?
புரண்டுச்சு, என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன்.
மே மாதம்.
வீட்டுக்குள் நுழைந்ததும்
முடியை உச்சியில் அள்ளிச் சுருட்டி
பென்சிலைச் செருகிக்கொள்கிறவள்
இன்று விரித்துப் போட்டிருந்தாள்.
இரண்டு தோள் மேலும்.
இரண்டு காதையும் மூடி.
முடியைத் தூக்காமலே
கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டிக்கோயேன், பாக்கவே எனக்கு வேகுது.
இதான் இப்ப ஃபேஷன். நீ திரும்பு முதல்ல.
நீ கட்டு முதல்ல.
சிரித்தோம்.
இரண்டு பேரும் அசையவில்லை.

பத்தேகாலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.
பத்துக்கு மேல் இந்தக் கட்டடத்தில் சத்தம் கூடாது.
மறுநாள் ஞாயிறு, அன்று முழுக்கவே கூடாது என்பார்கள்.
முடி வெட்டுவது சத்தத்தில் சேருமா
என்று கேட்க ஆளில்லை.

வெட்டாத பக்கத்தைத் தலையணையில் வைத்துப் படுத்தேன்.
ஜன்னல் இடுக்கில் குளிர் வந்தது.
மறுபக்கம் காது மட்டும் வெளியே,
வெறுமையாக.
அதைக் கையால் மூடிக்கொண்டேன்.