எதிர்க்காற்று

தாஷ்கண்டிலிருந்து சியோலுக்கு
நாலாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர், கொஞ்சம் கூடக் குறைய.
போக ஆறே கால் மணி.
வர ஏழரை, சில இரவுகளில் எட்டு.
ஒரே தூரம்தானே என்று கேட்பவர்களுக்குக்
காற்றைக் காட்டுவேன்,
திரையில் பச்சை அம்புகளாய்
ஓயாமல் கிழக்கே பாய்கிற அதை.

பதினோரு வருஷமாக இந்த நாற்காலி.
எரிபொருள் கணக்கு என் வேலை.
சியோலை நான் பார்த்ததில்லை.
அதன் ஓடுபாதைகளின் நீளம் தெரியும்,
ஜனவரியில் அதன்மேல் உறையும் குளிர் தெரியும்.
அன்சானில் ஓதில்ஜானின் அறைக்கு
சன்னல் உண்டா என்பது தெரியாது.
கேட்டால் இருக்கிறது என்பான்,
கேமராவைத் திருப்ப மாட்டான்.

நாலு வருஷம் பத்து மாதம். விசா அவ்வளவுதான்.
இன்று திரும்புகிறான்,
முப்பத்து நாலாம் வரிசை, நடு இருக்கை.
என் தாளில் அவனுக்குப் பெயரில்லை.
கைப்பையோடு சேர்த்து எண்பத்து நாலு கிலோ,
எல்லா ஆண்களையும் போல.
போகும்போது ஐம்பத்தொன்பது இருந்தான்.
மிச்சத்தை எதைக் கொண்டு நிரப்பியிருப்பான் என்று
ஒரு கணம் யோசித்து
அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தேன்.

மஞ்சள் கடல், கோபி, உரும்சி,
பிறகு தியான்ஷான்.
மலைக்கு மேலே காற்று இன்று
மணிக்கு இருநூறு கிலோமீட்டர், நேர் முகத்தில்.
ஏழு மணி ஐம்பது நிமிடம்.
மகள் குறுஞ்செய்தி அனுப்புகிறாள்:
ஐந்துக்குக் கிளம்பி எட்டு ஐம்பதுக்கு வருகிறதாமே,
நாலு மணிநேரம்கூட இல்லையே அம்மா?
கடிகார வித்தியாசம் என்று எழுதத் தொடங்கி
அழித்தேன்.
ஆமாம் என்று மட்டும் அனுப்பினேன்.

பிறகு வானிலைத் தாள்.
டிசம்பர். இரவு எட்டுக்கு மேல்
மூடுபனி இறங்கக்கூடும்.
'கூடும்' என்ற சொல்லுக்கு
எங்கள் வேலையில் மூன்று டன் எடை.
மாற்று நிலையம், சமர்கண்ட்.
வட்டமடிக்க மேற்கொண்டு கொஞ்சம்.
ஃபர்ருக் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
போன வாரமும் இப்படித்தான் பயமுறுத்தியது ஓபா,
ஒன்றும் வரவில்லையே?
ஏற்றினேன். கையெழுத்திட்டேன்.
வேறு யாருடைய கணவன் வந்தாலும்
இதையேதான் ஏற்றியிருப்பேன்.
அதை எனக்கே இரண்டு முறை
சொல்லிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

பணி முடிந்தும் எழுந்து போகவில்லை.
ஒன்பது மணிக்கு என் சன்னலில்
ஓடுபாதை விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கரைந்தன,
தேநீரில் விட்ட சர்க்கரைக் கட்டிகள் மாதிரி.
முப்பது நிமிடம் மேலே சுற்றினார்கள்.
சத்தம் கேட்டது,
அல்லது கேட்டதாக வைத்துக்கொள்ளலாம்.
கீழே வருகைக் கூடத்தில் மகள்,
புதுக் கோட்டு, துணியில் சுற்றிய ரொட்டி.
பிறகு
நான் எழுதிக் கொடுத்த திசையில்,
நான் அளந்து கொடுத்த எரிபொருளில்,
தலைக்கு மேலாகவே அவன்
சமர்கண்டுக்குப் போனான்.

நள்ளிரவில் கைபேசி.
நீதானே இங்கே அனுப்பி வைத்தாய்?
சிரிக்கிறான். குரலில் எடை தெரியவில்லை.
காலை ரயிலில் வருகிறேன்,
எவ்வளவு நேரம் ஆகும், சொல்.
இரண்டு மணி பத்து நிமிடம் என்றேன், உடனே.
பிறகு, சரியாகத் தெரியாது என்றேன்.

தரையில் வருகிறவனுக்கு
காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று
நான் கணக்குப் போட்டதில்லை.