நூற்று முப்பத்தொன்பதாவது கண்ணி

அசதையோபிரின், ஐம்பது மில்லிகிராம்.
உறையில் பெயரெழுதிக் கொடுத்தது நான்தான்.
தோ போராம், முப்பத்து நாலு வயது,
காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று.
"குடலுக்கா?" என்று மட்டும் கேட்டேன்.
"ஏழு வருஷமாய்த் தன்னைத்தானே கடித்துக்கொண்டிருக்கிறது"
என்று சிரித்தாள்.
ரப்பர் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
தொங்யொங் துறையில் சிப்பி உடைக்கும் கொட்டகை,
அவளுக்கு இருபது நிமிட இடைவேளை.

பதினேழாம் நாள்
பொதுக் குளியலறையின் வடிகால் அடைத்துக்கொண்டது.
பூனை செத்துக் கிடக்கிறதென்று நினைத்தாளாம்
துடைப்பத்தோடு வந்தவள்.
முடி.
ஒருத்தியுடையது. ஒரே குளியலில்.

இருபத்தோராம் நாள் சிப்பிக் கத்தி
இடது கட்டைவிரலில் பட்டது.
எள்ளளவு கீறல்.
அந்தக் கொட்டகையில் அதைக் காயமென்று யாரும் சொல்வதில்லை.
இருட்டுவதற்குள் தோள்வரை நெருப்பு.
வெள்ளணுக்கள் நாலாயிரமாவது இருக்கவேண்டிய இரத்தத்தில்
முந்நூறு.
ஊர் காலியாய்க் கிடந்த நேரம் பார்த்து
கள்ளன் வந்திருக்கிறான்.

பிறகு படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும்.

இந்த மருந்து ஒரு பொய்யெழுத்து.
உள்ளே போய் உருமாறி,
புதிதாய்ப் பிறக்கும் அணுக்களின் ஏட்டில்
மெய்யெழுத்துப் போல உட்காரும்.
வெறிகொண்ட அணு அதைப் படித்துத் திக்கித் திக்கிச் சாகும்.
அதுதான் சிகிச்சை.
அளவு மீறாமல் பார்க்க ஒரு காவல் புரதம் உண்டு,
பொய்களின் பல்லைப் பிடுங்கித்
திருப்பி அனுப்புகிற வேலை அதற்கு.
போராமின் வாசலிலும் அது நின்றது;
நிற்க மட்டும்தான் முடிந்தது.
பதின்மூன்றாம் குரோமோசோமில்
சி இருக்கும் ஓரிடத்தில் அவளுக்கு டி.
புரதச் சங்கிலியின் நூற்று முப்பத்தொன்பதாவது கண்ணியில்
ஆர்ஜினினுக்குப் பதில் சிஸ்டீன்.
அவ்வளவுதான்.
அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று.

அந்த எழுத்து அதுவரை யாரையும் எதுவும் செய்ததில்லை.
அதை வைத்துக்கொண்டே அவள் அப்பா
முப்பது வருஷம் நெத்திலி வலை இழுத்தார்,
சோஜு குடித்தார்,
கடனோடு செத்தார், வேறு காரணத்தால்.
அவர் இரத்தத்திடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.
மகளின் இரத்தத்திடம் கேட்டோம்,
காகித உறையில் போட்டு.

ஜின்ஜு ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
அவள் அம்மா நின்றிருந்தாள்.
"அது என்னுடைய எழுத்தா?"
"பாதி உங்களுடையது," என்றார் டாக்டர்.
"எந்தப் பாதி?"
அவர் கோப்பைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார்.

தலையெழுத்து என்கிறார்களே.
போராமின் தலை தோல்சீவிய பேரிக்காய் போலிருந்தது.
நான் பார்த்தேன்.
அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
"தொப்பி கொண்டுவந்தீர்களா?" என்றாள் ஒலிபெருக்கியில்.
நான் பழச்சாறு கொண்டுபோயிருந்தேன்.
அதை உள்ளே விடமாட்டார்களாம்.

நாற்பதாம் நாள் எண்ணிக்கை ஏறியது.
முடி மறுபடி சுருளாக முளைத்தது,
வேறு யாருடையதோ போல.
அதைத் தடவித் தடவிச் சலித்துக்கொண்டாள்.
குடல் இன்னும் கடிக்கிறது. வேறு மருந்து தேடுகிறார்கள்.

தம்பி ஹானுல் தன் பரிசோதனைச் சீட்டோடு கடைக்கு வந்தான்.
ஒரு சி, ஒரு டி.
"நோயே இல்லை எனக்கு. இதை வைத்து என்ன செய்ய?"
பணப்பையில் வை என்றேன்.
லாட்டரிச் சீட்டுக்குப் பின்னால் செருகினான்.

இப்போதெல்லாம் அந்த மருந்துப் பெயரைக் கண்டால்
கை தானாக நின்றுவிடுகிறது.
நேற்று படகுத் துறைக்காரர் ஒருவர், மூட்டு வீக்கம்.
"மரபணுச் சீட்டு இருக்கிறதா?"
"மாத்திரை கேட்டால் ஜாதகம் கேட்கிறாயே, பஸ் போகிறது!"
உறையில் அவர் பெயரின் முதல் எழுத்தை மட்டும் எழுதியிருந்தேன்.
அதன்மேல் கையை வைத்துக்கொண்டு
டாக்டருக்குத் தொலைபேசி போட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
பஸ் போய்விட்டது.