எட்டாவது கேசட், பி பக்கம்

ஆரணி பஸ் ஸ்டாண்டில்
எங்கள் வண்டிக்குப் பன்னிரண்டு நிமிடம்.
அதில் நான்கு, டைம் கீப்பர் கையெழுத்துக்குப் போய்விடும்.
மீதி எட்டில்தான் இருபத்தாறு வருடமாக
டீ குடித்தேன், சில்லறை எண்ணினேன்,
வேம்புலி ரெக்கார்டிங்கில் கடன் சொன்னேன்.

இன்று ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
குனிந்து நுழைந்தேன்.
ஜெயவேலு லுங்கியை மடித்துக் கட்டி
ஸ்டூல்மேல் நிற்கிறார்.
மேல் தட்டில் கூத்து செட்டுகள் இருந்த இடத்தில்
தூசி படியாத நீளக் கட்டங்கள்.

கூத்து எங்கும் போகவில்லை.
போன வெள்ளிகூட சேவூரில் விடிய விடிய.
ஜனம் செல்போனைத் தூக்கிப் பிடித்து
வெளிச்சத்துக்கே வெளிச்சம் காட்டியது.
காலையில் எல்லார் சட்டைப் பையிலும் கூத்து.
அப்புறம் எதற்கு எட்டு கேசட்,
ரப்பர் பேண்டு போட்டு, அட்டை வைத்து?
இதை அவரே சொல்கிறார், கோபமில்லாமல்.
அடுத்த மாதம் இங்கே பரோட்டாக் கல் விழுகிறது.
அட்வான்ஸ் வாங்கியாயிற்று.

"உனுக்கு இன்னா வேணும்?"

கடைசி நாள் சண்டை. முள்ளிப்பட்டில் எடுத்தது. எட்டாவது மட்டும்.
ஏழு வீட்டில் இருக்கிறது.
எட்டாவதை எங்கள் வண்டி டெக் தின்றுவிட்டது,
கண்ணமங்கலம் கூட்ரோட்டில்,
ஒரு தறிக்காரர் தன் ஸ்டாப்பிங்கை விட்டுவிட்டுக்
கேட்டுக்கொண்டே வந்த மத்தியானம்.

அந்தச் செட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும்:
அதில் ராஜா சாகமாட்டான்.
கிரீடம் கழன்றுவிடும்,
சேனை முழுக்க மண்ணில் கிடக்கும்,
அடித்தொண்டையில் "வாடா, வந்து வெட்டு" என்பான்,
மிருதங்கம் ஏறும், முகவீணை அதற்கும் மேலே ஏறும்.
க்ளிக்.

டேப் தீர்ந்துபோச்சு என்றுதான் எல்லாருக்கும் சொன்னார்.
செங்கத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து
பாதிக் காசைத் திருப்பிக் கேட்டார்.
படவேட்டுக்காரர் ஒருவர் மட்டும்
அதையே நான்கு செட் வாங்கினார். ஏனென்று சொல்லவில்லை.

"டேப்பு தீரல" என்கிறார் இப்போது, ஸ்டூலில் நின்றபடியே.
"இன்னும் ஆறு நிமிசம் ஓடும். பாக்கெட்ல வேற புதுசா ஒண்ணு வெச்சிருந்தன்."

ராஜா வேஷம் கட்டினவர் பொன்னுரங்கம்.
அவர் சம்சாரம் குப்பம்மா மெஷின் பக்கத்தில்,
மடியில் பிள்ளை தூங்க,
ஜெயவேலு கொடுத்த டார்ச்சைப் பிடித்துக்கொண்டு.
அங்கே கத்தி ஓங்கினதும்
டார்ச் அணைந்தது.
இருட்டில் ஒரு கை வந்து பொத்தானை அமுக்கியது.

"ஊருக்கு முன்னால சாவட்டும், அது தொழிலு.
பொட்டில போட்டு
வூட்டுக்கு வூடு, தெனம் தெனம்
சாவணுமா அந்த ஆளு?"

ஜெயவேலு அந்த ஆறு நிமிடத்தை
எந்தக் காப்பியிலும் நிரப்பவில்லை.
வெறும் இரைச்சலாகவே விட்டார்.
நான் அந்த இரைச்சலையும்
கடைசிவரை கேட்டிருக்கிறேன், ஏதாவது வருமா என்று.

"பொன்னுரங்கம் இப்போ...?"
அவர் தட்டைத் துடைத்தார்.
"போன வாரம் குப்பம்மா வந்து ஒரு செட்டு வாங்கினு போச்சு.
சும்மா குடுத்தன். வாங்கல.
எண்ணி வெச்சிட்டுப் போச்சு."

வெளியே டிரைவர் ஹாரன், ஒரு நீளம், இரண்டு குட்டை.
பழைய ஸ்டிக்கரில் இருபத்தெட்டு ரூபாய்.
முப்பது நீட்டினேன்.
கல்லாவைத் திறந்தார். கல்லாவில்
ஸ்க்ரூ டிரைவரும் ஒரு குண்டூசி டப்பாவும்.

என் காதிலிருந்த பேனாவை அவரே எடுத்தார்,
கேசட் அட்டையைப் புரட்டி,
நான் ஊர் முழுக்க டிக்கெட் பின்னால் கிறுக்குகிற மாதிரியே
2 என்று எழுதிச் சுழித்தார்.

"எறங்கும்போது வாங்கிக்க."