இருநூற்று நாற்பது ரேண்ட்

குரூன்ஸ்டாட் காவல் நிலையத்தில்
திருட்டுப் புகாருக்கு ஒரு வரிசை,
அட்டெஸ்டேஷனுக்கு ஒரு வரிசை.
எங்களுடையதுதான் நீளம்.

அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல்,
சேர்க்கைக் கடிதம், எல்லாம் மும்மூன்று நகல்.
போன முறை அடித்த முத்திரைக்கு
மூன்று மாதம் கடந்துவிட்டதாம்.
நான் நான்தான் என்று
மறுபடி நிரூபிக்க வந்திருக்கிறேன்.
அப்பா வந்தது
தனக்கு ஒன்றுமில்லை என்று
சத்தியம் செய்ய.

பிளாட்டினம் கம்பெனியின் படிவம்,
ஏழாம் பக்கம், பெற்றோர் வருமானம்.
கான்ஸ்டபிள் மொஹாபி பேனாவைத் தட்டினார்.
"வேலை?"
"சுரங்கம் மூடி ஆறு வருஷம்."
"அப்போ பூஜ்யம்."
"இல்லையே. போன மாசம் திபுசெங் வீட்டு
கெய்சரைச் சரி பண்ணேன். இருநூத்து நாப்பது."
"எழுதினா மூணு மாச ஸ்டேட்மென்ட் கேப்பாங்க.
பேங்க் கணக்கு இருக்கா?"

பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.
தலை உடைந்த ஒருவன் சுவரில் சாய்ந்து
நாங்கள் நகரக் காத்திருந்தான்.
அப்பா வலக்கையை உயர்த்தினார்.
ஈயம் சுட்ட கட்டைவிரல்
டியூப்லைட்டில் பளபளத்தது.
முத்திரை விழுந்தது:
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

திரும்பும் வேனில் அவர் பேசவில்லை.
சில்லறையை மட்டும் இரண்டு முறை எண்ணினார்.

ஜனவரியில் கடிதம்.
அன்புள்ள மட்செலிசோ, வாழ்த்துகள்.
கட்டணம், விடுதி, புத்தகம், லேப்டாப்.
பதினான்காம் விதி:
படிக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும்
ஒரு வருஷம் அவர்களிடம் வேலை.
விட்டுப்போனால் வட்டியும் முதலும்.
அப்பா அதை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்து
விசிலடித்தார்:
"ஓடிப்போனா நீ இவ்வளவு பெறுவியா!"

ஜாமீன் போட
சம்பளச் சீட்டு உள்ள ஆள் வேண்டும்.
எங்கள் தெருவில் அப்படி இரண்டே பேர்.
ஒருவர் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துத் திபுசெங்
மாவுக்கையைத் துடைத்தபடி
எங்கே, எங்கே என்று கேட்டு
எட்டு இடத்தில் கையெழுத்திட்டாள்.
"தண்ணி இன்னும் சூடாத்தான் வருது" என்றாள்,
படிவத்துக்கு அது தேவைப்படாவிட்டாலும்.

ஜோஹன்னஸ்பர்க். உலோகவியல்.
முதல் மாதச் செலவுப்பணம் வந்த அன்றே
அப்பாவின் போனுக்கு இருநூற்று நாற்பது அனுப்பினேன்.
விவரம் என்ற கட்டத்தில்
கெய்சர் என்று அடித்தேன்.

இரவு அழைத்தார், பதற்றமாக:
"யாரோ தப்பா போட்டுட்டாங்கம்மா.
திபுசெங் அப்பவே குடுத்துட்டாளே.
யாருக்குத் திருப்பி அனுப்பணும்னு
கொஞ்சம் பாத்துச் சொல்லு."