பஞ்சு

பெரிய வெள்ளிக்கு மட்டும் எனக்கு நான்கு வாடகை.
ஆபே வண்டியில் இரண்டு பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர்,
இருநூறு மீட்டர் வயர்,
அப்புறம் இந்த ஒரே ஒரு நல்ல மைக்.
மற்ற இரண்டும் கரகரக்கும்.
அவற்றைக் கல்யாண வீட்டுக்குத்தான் கொடுப்பது.

விடியுமுன் மலங்கரைப் பள்ளி.
அச்சன் சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து
பாதி மலையாளமும் மீதி தமிழுமாய்ப் பாடினார்.
முடிவில் ஆளுக்கொரு மடக்கு,
பாவற்காய்ச் சாறும் காடியும்.
வயர் சுற்றிக்கொண்டிருந்த எனக்கும் ஒரு தம்ளர் வந்தது.
கைப்பு தொண்டையை விட்டு இறங்குமுன்
கருங்கல் தாண்டிவிட்டேன்.

பன்னிரண்டு மணி, சி.எஸ்.ஐ.
ஏழு வார்த்தைக்கு ஏழு பேர்.
ஐந்தாவது ஜெயசீலிபாய் டீச்சருக்கு விழுந்திருந்தது.
தாகம் பற்றிப் பேசும்போது
அவர் மூன்றுமுறை தண்ணீர் குடித்தார்.
கடற்காளான், என்று வாசித்தார்.
கடலுக்கும் காளானுக்கும் என்ன சொந்தம் என்று
பலாமரத்தடியில்
வால்யூம் குமிழில் விரல் வைத்தபடி யோசித்தேன்.

நாலரைக்குக் கடற்கரை ஊர்.
கொடிமரத்தில் கட்டிய வயர் உப்புக் காற்றில் அதிர்ந்தது.
அங்கே அதே இடம் வந்தபோது
உபதேசியார் சூசைமரியான் வாசித்தார்:
கடற்பஞ்சு.
பக்கத்தில் நின்ற வள்ளக்காரர் காதோடு சொன்னார்,
"வலையில வரும் டென்சிங். சவம், நாத்தம் தாங்காது.
திருப்பிக் கடல்லயே எறிஞ்சிருவோம்."

அப்போதுதான் மைக்கைப் பார்த்தேன்.
அதன் தலையில் சிவப்பாய், நனைந்து,
கடையில் பதினைந்து ரூபாய்க்கு வாங்கிய ஒன்று.

இரவு ரப்பர் தோட்டத்து ஷெட்டில் உபவாச ஜெபம்.
பாஸ்டர் பிரைட்சன் நாள் பார்ப்பதில்லை,
அவருக்கு இது வெறும் வெள்ளிக்கிழமை.
ஆனால் அழுதார்.
மைக்கை விழுங்கிவிடுவார் போலப் பிடித்துக்கொண்டு
மொழி தீர்ந்துபோகும்வரை அழுதார்.
ஊசி முள் சிவப்பிலேயே நின்றது,
நான் குறைக்கவில்லை.

போன வருடம் ஒரே ரோட்டின் இரு பக்கமும் கன்வென்ஷன்.
இருவருக்கும் நான்தான் செட்டு.
கிழக்குக் கமிட்டி வந்து, "அவனுக்குச் சத்தத்தைக் குறை" என்றது.
கால் மணி கழித்து மேற்கும் வந்து அதையே சொன்னது.
இருவரிடமும் முன்பணம் வாங்கியிருந்தேன்,
இரண்டையும் குறைத்தேன்.
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இதைச் சொல்லிச் சிரிப்பேன்.
அக்காவைச் சொல்ல மாட்டேன்.
பிறந்த சபையில் பெயர் வெட்டியாயிற்று,
கட்டிப்போன சபையில் சந்தா பாக்கி.
இரண்டு கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவே
பஸ் ஸ்டாப் நிழலில் நாலு மணி நேரம்
பெஞ்சு மேல் இருந்தது பெட்டி.
ஐயரும் சாமியாரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள்,
மரியாதையாகத்தான்.
அன்றைக்கு நான் மைக் கட்டவில்லை.

பதினொன்றரை. வீட்டுக் கிணற்றடி.
பெயின்ட் வாளியில் சோப்புத்தூள் கரைத்துப்
பஞ்சை முக்குகிறேன்.
சாம்பிராணி வருகிறது, விக்ஸ் மிட்டாய் வருகிறது,
கருவாடு, கட்டஞ்சாயா, பாவற்காய்,
காலையிலிருந்து பட்டினி கிடந்த வாயின் வீச்சம்.
பிழிந்தால் ஒரே கலங்கல்.
இதில் காளான் எது, பஞ்சு எது என்று
ஒரு கமிட்டி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

"நாளைக்கு அலசினா ஆகாதா?"
ஷீபாராணி ஜன்னலிலிருந்து கேட்கிறாள்.
ஆகும்.
ஆனால் வாளி முன்னால் குந்தியிருக்க
எனக்கு இப்போது பிடித்திருக்கிறது.
இன்று முழுக்க எல்லா ஆராதனையிலும் இருந்தேன்,
ஒன்றிலும் உட்காரவில்லை.

கொடியில் மாட்டுகிறேன். சொட்டுகிறது.
ஞாயிறு விடிய நாலரைக்கு
ஒரு இடத்தில் உயிர்த்தெழுதல், ஒரு இடத்தில் உயிர்ப்பு,
ஒரு இடத்தில் மலையாளத்தில்.
பிரைட்சனும் இந்த வருடம் கேட்டிருக்கிறார்.
எல்லாருக்கும் அதே நாலரை.
எல்லாருக்கும் கரகரக்காத மைக்.

நாலு பேரிடமும்
சரி என்று சொல்லியிருக்கிறேன்.