பதினேழாவது பல்

கோட்டைக் கீழைவாசலுக்கு வெளியே, அகழிக் கரையில்,
வங்காரு தன் பல்மாலையை
வேப்பங்கிளையில் தொங்கவிட்டுத் தமுக்கடிப்பான்.
கூட்டம் சேரும். மோர்ப்பானையோடு நானும்.

கொக்கியிலிருந்து பதினேழாவது
என் வீட்டுக்காரருடையது.
நூல் கடித்துக் கடித்து நடுவில் விழுந்த பள்ளம்,
வெற்றிலைக் கறை. எண்ணவே வேண்டாம்.
காற்றடித்தால் மற்றதுகளோடு சேர்ந்து கலகலக்கும்;
வீட்டில் இருந்தவரை அவ்வளவு பேசினவரில்லை.

"வெண்ணெயில் மயிரெடுப்பேன் ஐயா!
கண்டங்கத்திரிப் புகைக்கு உதிராத புழுவையும்
கையில் பிடித்துக் காட்டுவேன்!
வலித்தால் காசு வேண்டாம், வலிக்காவிட்டால் அரைப் பணம்!
இதோ, இந்தப் பல்..."
கோல் பதினேழாவதைத் தட்டும்.

ஆடியில் அது ஒரு சேர்வைக்காரர் பல்.
ஆவணியில் திண்டுக்கல் பாளையத்துக் குதிரைவீரர் பல்.
புரட்டாசி பிறந்ததும் ஆயிரம் குதிரைக்கு அதிபதி.
"வாயைத் திறந்தார், மூடினார். முனகல்கூட இல்லை!"

கூடாரத் துணி தைத்த ஆவுடையான்.
குதிரை கனைத்தால்
ஊசியைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்.
செத்த பிறகு மாதமொரு பதவி.

முனகல் இல்லையாம்.
நான்தான் தலையைப் பிடித்திருந்தேன், இரண்டு பேர் காலை.
அலறின அலறலில் மதிற்புறாக்கள் கிளம்பி
வைகைப் பக்கம் போயின.
பிடுங்கி முடித்த பிறகும் விடாமல் என் கையைக் கடித்தார்;
தழும்பு இருக்கிறது, நடுவே ஓர் இடைவெளியோடு.
அரைப் பணம் வாங்கிக்கொண்டுதான் விட்டான்.
என்னை அவனுக்கு நினைவில்லை.
வாயை மட்டும் பார்க்கிறவன்.

ஐப்பசியில் மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவன்,
கன்னம் பூசணி, தாடையைச் சுற்றித் துண்டு,
மோர் வாங்கி, குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு
கேட்டான்: "ஆத்தா, மெய்யாவே வலிக்காதா?"

மாலையைப் பார்த்தேன்.
"அந்தக் குதிரைக்காரரை எனக்குத் தெரியும்.
ஊருக்கே கேட்கக் கத்தினார். நீயும் கத்து.
ஆனால் மூன்றாம் நாள் கரும்பு கடித்தார்.
அடுத்த ஆனியில் பாளையத்துக் காய்ச்சலில் போனார்,
அதுவரைக்கும் பல்லென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை."

மோரை என்னிடமே கொடுத்துவிட்டுப்
பலகையில் போய் உட்கார்ந்தான்.
காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

மறு சந்தையில் தமுக்கு:
"ஆயிரம் குதிரைக்கு அதிபதி ஐயா!
மூன்றாம் நாளே கரும்பு கடித்தார்!
பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே உண்டு!"
கோல் என் பக்கம் நீளுமுன்
பானையைத் தூக்கி
மரத்துக்கு அந்தப்புறம் வைத்தேன்.