ஏழாவது கம்பி

ஆரல்வாய்மொழி ரயில்வே கேட்டுக்குத் தெற்கே
மடக்கு ஸ்டூல் போட்டு
பதினோரு வருடம் அந்த மலையை வரைந்தேன்.
மலை பச்சை. வானம் நீலம்.
நிழலுக்கு ட்யூபிலிருந்து பிதுக்கிய கறுப்பு.
ஆடிக்காற்று பலகையைத் தள்ளும்;
கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன்.
காற்றாலைகளை விட்டுவிட்டேன்,
செல்போன் கோபுரத்தையும், செங்கல் லாரிகளையும்,
அழகுக்கு இடைஞ்சல் என்று.

நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டர் மூன்று வாங்கினார்.
வாயைத் திறந்து கிடப்பவர்களுக்குப்
பார்க்க ஏதாவது வேண்டுமே.

புது வீட்டு ஹாலுக்கு ஒன்று கேட்டு
லைன்மேன் ஜெபசிங் வந்தார்.
படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.
ரசிக்கிறார் என்று நினைத்தேன்.
தேடிக்கொண்டிருந்தார்.

"கம்பி எங்க சாரே?"
"எந்தக் கம்பி?"
"இந்த மலைக்கு முன்னால ஏழு கம்பி போகுது.
ஒக்கி அடிச்ச பொறவு ஒம்பது நாளு
போஸ்ட்ல தொங்கிக் கெடந்து நான் இழுத்துக் கெட்டுனது."

வாங்காமல் போனார்.

மறுநாள் தூரிகை இல்லாமல் போய் உட்கார்ந்தேன்.
கம்பிகள் இருந்தன.
நடுவில் தொய்ந்து,
வெயில் ஏற ஏற இன்னும் கொஞ்சம் தொய்ந்து.
ஒரு கரிச்சான் வந்து அமர்ந்தபோதுதான்
அதற்கும் மலைக்கும் நடுவே
இரண்டு மைல் காற்று நிற்பது தெரிந்தது.
அதுவரை என் மலைகள்
வானத்தில் பசை தடவி ஒட்டியவை.

நிழலில் கறுப்பைத் தேடினேன். எங்கும் இல்லை.
காற்றாலை இறக்கை செம்மண்ணைத் தாண்டுகையில்
கத்தரிப்பூ நிறம்.
மலை மடிப்பில்,
ரசம் வைத்து வைத்துக் கறுத்த
ஈயச்செம்பின் உள்பக்கம்.
பச்சை என்பது
நான் வீட்டிலிருந்து எடுத்துப்போன சொல்.

அடுத்த படத்துக்கு நாற்பது நாள்.
சட்டைப்பையில் டெஸ்டரோடு வந்தார் ஜெபசிங்.
சாயம் காயாத இடத்தில் படாமல்
விரல் நீட்டி எண்ணினார்.

"ஆறுதான் இருக்கு."

ஏழு உண்டு. எனக்கும் தெரியும்.
நாலேகால் மணிக்குக்
கணவாய்ப் பக்கமிருந்து சரிந்த வெயிலில்
மேலிருந்து இரண்டாவது கம்பி
வெளிச்சத்துக்குள் போய்விட்டது.
திரும்ப வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை. வரையவில்லை.

"நாளைக்கு நாலு மணிக்கு அங்க வாங்க" என்றேன்.
"நாலு மணிக்கு டூட்டில்லா" என்றார்.
பிறகு, கண்ணை இடுக்கிக்கொண்டு
மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினார்.